கடன் பத்திரத்தில் இருக்கும் பெயர் கடைப் பத்திரத்திலும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் மளிகைக் கடைகள் நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு உண்டு. பல கடைகளுக்கு ஊர் வைத்த பெயர் 'அண்ணாச்சி கடை'. ஆனால் மதியம் இரண்டு மணிக்கு அங்கே போய்ப் பார்த்தால் நிற்பவர் அக்காதான். ஆர்டர் எடுக்க வரும் லைன் சேல்ஸ்மேன், "அக்கா, அண்ணன் இல்லையா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். எந்தப் பிஸ்கட் தீர்ந்தது, எந்த ஷாம்பு பாக்கெட் மூன்று மாதமாகச் சரத்தில் தொங்குகிறது என்பதெல்லாம் அந்த அக்காவுக்குத்தான் தெரியும். அவரிடம் ஆர்டர் கேட்காததால் அந்த வாரச் சலுகை போகிறது, சரக்கும் குறைகிறது.

மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் இப்படிப்பட்ட மனைவிக்கு ஒரு குறியீட்டு எண் உண்டு: 21. குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுபவர் என்று பொருள். காலை ஆறு மணிக்கு ஷட்டர் தூக்குவது முதல் இரவு பத்து மணிக்குக் கணக்கு முடிப்பது வரை கடையைத் தாங்குகிறவரை 'உதவுபவர்' என்று எழுதுவது எங்களுக்கு வருத்தம் தருகிறது. இந்தக் கடிதம் அந்த வருத்தத்தைச் சொல்வதற்காக மட்டும் அல்ல. கடையும் இல்லறமும் ஒருசேர நெடுநாள் நன்றாக ஓட என்னென்ன செய்யலாம் என்பதை, தொழில் தெரிந்தவர்கள் என்ற முறையில், கணக்கோடு எழுதுகிறோம். இளம் தம்பதிகள் பலர் இப்போது கடை வைக்கிறார்கள். அவர்களுக்குப் பெரியவர்கள் சொல்வது "விட்டுக்கொடுத்துப் போங்கள்" என்பதுதான். எதை விட்டுக்கொடுப்பது, எதைக் கட்டாயம் எழுதிவைப்பது என்று யாரும் சொல்வதில்லை.

முதலில் கல்லா. கடைப் பணம், வீட்டுப் பணம், அவரவர் கைச்செலவுப் பணம் என்று மூன்றும் ஒரே கல்லாவில் கலந்து கிடப்பதுதான் கடைக்கார வீட்டுச் சண்டையின் ஊற்றுக்கண். காலையில் கல்லாவில் வைக்கும் சில்லறை தினமும் ஒரே தொகையாக இருக்கட்டும். சிறிய கடைக்கு 2,000 ரூபாய் போதும்: பத்து ரூபாய்த் தாள் 50, இருபது ரூபாய்த் தாள் 25, ஐம்பது ரூபாய்த் தாள் 10, மீதி 500 ரூபாய்க்கு நாணயம். இரவு எண்ண உட்காரும்போது முதல் வேலையாக இந்த 2,000-ஐப் பிரித்து ஒரு டப்பாவில் போட்டுவிட வேண்டும். மீதியோடு, அன்று கல்லாவிலிருந்து எடுத்த ஒவ்வொரு ரூபாயையும் கூட்டினால் அன்றைய ரொக்க வரவு கிடைக்கும். எடுப்பதற்கெல்லாம் துண்டுச் சிட்டை எழுதிக் கம்பியில் குத்த வேண்டும். பால் 30, ஆட்டோ 80, பிள்ளைக்கு நோட்டு 60. ஒவ்வொன்றிலும் 'கடை' அல்லது 'வீடு' என்று ஒரு சொல் போதும். யார் எடுத்தது என்று எழுத வேண்டாம். எழுதினால் கணக்குச் சிட்டை குற்றப் பத்திரிகையாகிவிடும், அடுத்த மாதமே எழுதுவது நின்றுபோகும்.

யுபிஐ அட்டை கணவரின் சொந்தச் சேமிப்புக் கணக்கோடு இணைந்திருந்தால் இந்த ஏற்பாடு முழுக்க வீண். அவர் போனோடு மொத்தக் கடைக்குப் போயிருக்கும் நேரத்தில், வாடிக்கையாளர் நீட்டும் திரையில் தெரிவது உண்மையான பணமா, பழைய ஸ்கிரீன்ஷாட்டா என்று கடையில் நிற்பவருக்குத் தெரியாது. கடையின் நடப்புக் கணக்கோடு இணைத்து, ஒலிப்பெட்டியை மேஜை மேல் வைத்து, இருவர் போனிலும் வரவு தெரியும்படி செய்துகொள்ள வேண்டும்.

அடுத்தது அடுக்களை. கடையிலிருந்து வீட்டுக்கு எடுக்கும் அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு எதுவும் எழுதப்படுவதில்லை. "நம்ம கடைதானே" என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 10,000 ரூபாய் விற்பனை, மாதம் 3,00,000. கம்பெனிச் சரக்கும் சில்லறைச் சரக்கும் சேர்த்து சராசரியாக 12 சதவீதம் நின்றால் 36,000. வாடகை 7,000, மின்சாரம் 2,500, கவரும் வண்டி வாடகையும் 1,500, எலி கடித்தது, காலாவதி ஆனது என்று 1,000. ஆக 12,000 போக 24,000 மிச்சம். வீட்டுக்கு எடுத்த சாமான் 6,000 ரூபாய் என்றால் கையில் நிற்பது 18,000 மட்டுமே. எழுதாத வீட்டில் இந்த 6,000 காணாமல் போனதாகத் தெரியும். கணவர் மனைவியின் கையைச் சந்தேகிப்பார், மனைவி கணவரின் நண்பர்களைச் சந்தேகிப்பார். அடுக்களை வாசலில் ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் கட்டித் தொங்கவிட்டு, எடுப்பதைக் கொள்முதல் விலையில் எழுதி மாதம் ஒருமுறை கூட்டினால் அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஜிஎஸ்டி பதிவு பெற்று உள்ளீட்டு வரி (கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்கும் கடைகள், வீட்டுக்கு எடுத்த சரக்குக்குக் கழித்த வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதால் அவர்களுக்கு இந்த நோட்டு சட்டப்படியும் தேவை.

அந்த 24,000-ஐ இப்படிப் பிரிக்கலாம்: சாமான் 6,000, வீட்டுச் செலவு 8,000, இருவருக்கும் தலைக்கு 2,000 சொந்தப் பணம், சேமிப்பு அல்லது சீட்டு 3,000, மீதி 3,000 கடை முதலுக்கே திரும்ப. சொந்தப் பணம் 2,000-க்கு யாரும் யாரிடமும் கணக்குக் கேட்கக் கூடாது. தம்பி மகளுக்குச் சீர் செய்யட்டும், டீக்கடையில் நண்பர்களுக்குச் செலவழிக்கட்டும். தொகை சிறிதானாலும், கேள்வியில்லாப் பணம் என்று ஒன்று இருவர் கையிலும் இருப்பது தாம்பத்தியத்துக்குப் பெரிய ஆறுதல். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மனைவி நிற்கும் இடத்தில் ஓர் ஆளை வைத்தால் அந்தச் சம்பளம் இந்த 24,000-இல் பெரும்பகுதியைத் தின்றுவிடும். லாபம் என்று நாம் சொல்லிக்கொள்வதில் பெரும்பங்கு அவருடைய எழுதப்படாத கூலி.

விலைத் தகராறு வேறு வகை. துவரை, உளுந்து, சர்க்கரை, மல்லி, வத்தல் விலை வாரத்துக்கு வாரம் மாறும். விருதுநகரிலோ மதுரை கீழமாசி வீதியிலோ கொள்முதல் செய்து வந்தவருக்குத்தான் புது விலை தெரியும். கடையில் இருப்பவர் பழைய விலை சொல்லுவார், இவர் வந்து வாடிக்கையாளர் முன்னாலேயே திருத்துவார். அந்த அவமானம் இரவுச் சாப்பாடு வரை நிற்கும். ஒரு சிலேட்டில் பத்துச் சரக்கின் விலையைத் தினமும் காலையில் எழுதி, கடைக்கு உள்பக்கம் பார்த்தபடி மாட்டிவிட்டால் போதும். தவறி ஒருவர் குறைத்துச் சொல்லிவிட்டால் மற்றவர் அந்த விலைக்கே கொடுத்துவிட வேண்டும். கிலோவுக்கு நான்கு ரூபாய் நட்டம் தாங்கக்கூடியதுதான்.

கடன் நோட்டில் மட்டும் யார் கொடுத்தது என்று எழுதியே ஆக வேண்டும். கொடுத்தவரே வசூலிக்க வேண்டும் என்பதுதான் காரணம். முகம் பார்த்துக் கொடுப்பவர் ஒருவர், வாசலில் போய் நிற்பவர் இன்னொருவர் என்றால் பகை முழுதும் இரண்டாமவர் தலையில் விழுகிறது. வீட்டுக்கு 3,000 ரூபாய், அல்லது பதினைந்து நாள் சாமான், இரண்டில் எது குறைவோ அது வரம்பு. வரம்பைத் தாண்ட இருவரும் சம்மதிக்க வேண்டும். "அவங்ககிட்டக் கேட்டுச் சொல்றேன்" என்று வாடிக்கையாளரிடம் சொல்ல இருவருக்குமே இது நல்ல வழி. மாதம் ஒருமுறை பாக்கித் தொகைக்குக் கீழே வாடிக்கையாளரின் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். சரக்குக் கடனுக்குக் காலவரம்பு மூன்று ஆண்டு. அது முடிவதற்குள் வாங்கிய கையெழுத்து, அந்தத் தேதியிலிருந்து மீண்டும் மூன்று ஆண்டு தரும்.

இனி நகை. தீபாவளிக்கு எண்ணெய், சர்க்கரை, கடலை மாவு, மைதா என்று சரக்கு இறக்க மனைவியின் நகை அடகுக்குப் போவது எல்லாக் கடைத்தெருவிலும் நடப்பது. அடகு வைப்பதில் தவறில்லை. அது எந்தப் பேரேட்டிலும் ஏறாததுதான் தவறு. எத்தனை கிராம், எந்தத் தேதி, எவ்வளவு தொகை, என்ன வட்டி, எப்போது மீட்பு என்று எழுதி, கடை அவரிடம் வாங்கிய கடன் என்று வரவு வைக்க வேண்டும். வட்டி கடைச் செலவில் ஏற வேண்டும். பண்டிகை வியாபாரப் பணம் வந்ததும் மொத்த வியாபாரி பாக்கி, பள்ளிக் கட்டணம், பொங்கல் சரக்கு என்று ஒவ்வொன்றாக முந்திக்கொள்ளும். நகை வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைக்கப்படும். இப்படியே நான்கைந்து தீபாவளி கடந்தால், ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும் நேரத்தில் அந்த வெறும் கழுத்து பேசும். இதைத் தடுக்க ஒரே வழிதான் எங்களுக்குத் தெரியும்: பண்டிகைச் சரக்கு விற்கும் பணம் தனி டப்பாவில் விழ வேண்டும், நகை மீளும் வரை அந்த டப்பாவிலிருந்து வேறு எதற்கும் எடுக்கக் கூடாது.

இப்போது தலைப்புக்கு வருகிறோம். வங்கியோ நிதி நிறுவனமோ கடைக்குக் கடன் தரும்போது மனைவியின் கையெழுத்தை இணைக் கடன்தாரராகவோ ஜாமீன்தாரராகவோ வாங்கிக்கொள்கிறது. மகளிர் குழுக் கடன் அவர் பெயரில் வாங்கப்பட்டு, கடைச் சரக்காகிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவின்படி, பத்திரத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன் வாங்கியவரின் பொறுப்பும் ஒரே அளவு. ஆக, கடை நொடித்தால் அவர் கடனாளி. கடை செழித்தால் அவர் யார்? வாடகை ஒப்பந்தத்தில் இல்லை, அட்வான்ஸ் ரசீதில் இல்லை, உணவுப் பாதுகாப்புப் பதிவில் இல்லை, சிறுதொழில் பதிவான உத்யம் சான்றிதழில் இல்லை. இது நியாயமில்லை என்று உரக்கச் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது.

தீர்வு, கடையைக் கூட்டு நிறுவனமாக்குவது. கணவன் மனைவி இருவரும் பங்குதாரர்களாகச் சேரலாம். பத்திரத்தில் ஒவ்வொருவர் முதல், லாபப் பங்கு, உழைக்கும் பங்குதாரர் என்ற முறையில் ஒவ்வொருவருக்கும் சம்பளம், முதலுக்கு வட்டி (வருமான வரியில் கழிக்க 12 சதவீதம் வரை), வங்கிக் கணக்கை யார் இயக்குவது ஆகியவை இருக்க வேண்டும். சம்பளம் பத்திரத்தில் இல்லாவிட்டால் வரிக் கணக்கில் கழிக்க முடியாது. 25,000 ரூபாய்க்கு மேல் புதுக் கடனோ குளிர்பதனப் பெட்டி போன்ற பொருளோ வாங்க இருவர் கையெழுத்தும் வேண்டும் என்ற வரியையும் சேர்த்துக்கொள்வது நல்லது. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நிறுவனத்தைப் பதிவு செய்யுங்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனால் 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, பதிவில்லாத நிறுவனம் பாக்கிக்காக வெளியார் மீது வழக்குப் போட முடியாது.

செலவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தனிநபருக்கு இருப்பது போல வரியில்லாத அடிப்படை விலக்குத் தொகை கூட்டு நிறுவனத்துக்குக் கிடையாது. முதல் ரூபாயிலிருந்து 30 சதவீத வரி. ஆனால் பங்குதாரர் சம்பளம் அதற்கு முன்பே கழியும். முதல் 6 லட்சம் ரூபாய் லாபம் வரை, 3 லட்சம் அல்லது லாபத்தில் 90 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது வரை கழிக்கலாம். மேலே போட்ட கணக்கில் ஆண்டு லாபம் 2,88,000. அதை முழுதும் தலைக்கு 1,44,000 என்று சம்பளமாக எழுதினால் நிறுவனத்துக்கு வரி இல்லை. வேறு வருமானம் இல்லாத இருவருக்கும் அந்தச் சம்பளத்துக்கு வரி வராது.

இங்கேதான் பலர் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. கணக்கு எழுதும் சிரமத்துக்கு அஞ்சி, விற்பனையில் 8 சதவீதத்தை லாபம் என்று காட்டும் அனுமான வரி முறையைக் கூட்டு நிறுவனத்துக்கும் எடுத்துவிடுகிறார்கள். ஆண்டு விற்பனை 36 லட்சமும் ரொக்கம் என்று வைத்தால் 8 சதவீதம் அதே 2,88,000-தான். ஆனால் அந்த முறையில் பங்குதாரர் சம்பளத்தைத் தனியாகக் கழிக்க விடமாட்டார்கள். வரி 86,400, அதன்மேல் 4 சதவீத செஸ் 3,456, மொத்தம் 89,856 ரூபாய். ஒரே கடை, ஒரே லாபம், ஒரு படிவத்தைத் தவறாகத் தேர்ந்ததால் நான்கு மாத லாபத்துக்குக் கிட்டத்தட்ட அருகில் போகிறது. ஒருமுறை அந்த முறைக்குள் போய் வெளியே வந்தால் ஐந்து ஆண்டு திரும்ப முடியாது என்பதால் முதல் ஆண்டே தணிக்கையாளரிடம் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது: பங்குதாரருக்கு ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் சம்பளம், வட்டி என்று வரவு வைத்தால் நிறுவனம் 10 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். வரி இல்லாதவர்கள் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். அலைச்சல்தான். ஆனாலும் இந்த அலைச்சலுக்குக் கைமாறாக மனைவியின் பெயரில் வருமான வரிக் கணக்கு ஆண்டுதோறும் ஏறுகிறது. நாளை அவர் பெயரில் வங்கிக் கடன் கேட்கும்போது மேஜையில் வைக்க ஓர் ஆவணம் இருக்கிறது.

தனிநபர் கடையாகவே வைத்துக்கொண்டு மனைவிக்குச் சம்பளம் எழுதலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அவருக்குத் தொழில்நுட்பத் தகுதி அல்லது தொழில்முறைத் தகுதி இருந்து, சம்பளம் அந்த அறிவுக்கும் அனுபவத்துக்கும் உரியதாக இருந்தாலொழிய, அது கணவர் வருமானத்தோடு சேர்க்கப்படும். கணவர் பணத்தை இனாமாகக் கொடுத்து மனைவி பெயரில் கடை வைத்தாலும் அந்தப் பணத்துக்குரிய லாபம் கணவர் கணக்கில்தான் சேரும். கூட்டு நிறுவனத்துக்கு அவர் போடும் முதலும் அவருடைய சொந்தச் சேமிப்பாகவோ, அவர் நகைக் கடனாகவோ இருப்பது அதனால்தான் நல்லது.

பேசக் கூசும் விஷயம் ஒன்று பாக்கி. இருவரில் ஒருவர் போய்விட்டால் கடை என்ன ஆகும்? தனிநபர் கடை என்றால் ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்து, வாரிசு புதிதாகப் பதிய வேண்டும். எஞ்சிய உள்ளீட்டு வரியை ஐடிசி-02 படிவத்தில்தான் மாற்ற முடியும். கரும காரியம் முடிவதற்குள் மொத்தக் கடைக்காரர் பாக்கிக்கு வந்து நிற்பார். நடப்புக் கணக்கில் பணம் இருந்தும் கைக்கு வராது. ஆகவே கணக்குக்கு நியமனதாரர் பெயர் இன்றே கொடுங்கள். 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நியமிக்கலாம். ஆனால் நியமனதாரர் பணத்தை வாங்கிக்கொள்பவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுக்கு. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் இல்லாமல் கணவர் இறந்தால், அவருடைய தாய், மனைவி, ஒரு மகன், ஒரு மகள் இருக்கும் வீட்டில் அவர் சொந்தமாகச் சம்பாதித்ததில் மனைவிக்கு நான்கில் ஒரு பங்குதான். முப்பது ஆண்டு கடையில் நின்றவருக்கு அந்தத் தராசிலும் கால் பங்குதான். மாமியாரும் பிள்ளைகளும் நல்லவர்களாகவே இருந்தாலும், அவர்கள் ஒவ்வொருவர் கையெழுத்துக்கும் காத்திருக்கும் நாளெல்லாம் கடை மூடிக் கிடக்கும்.

இரண்டு பேர் மட்டுமே உள்ள கூட்டு நிறுவனமும் ஒருவர் மறைந்தால் முடிந்துவிடும். எனவே பத்திரத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: ஒருவர் காலமானால் மற்றவர் சரக்கு, கடைப் பெயர், வாடகை உரிமை, அட்வான்ஸ், வரவு பாக்கி அனைத்தையும் ஏற்றுக் கடையைத் தொடரலாம், மறைந்தவரின் முதல் கணக்கில் நிற்கும் தொகையை இத்தனை மாதத்தில் வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டும். அதோடு இருவரும் தனித்தனியே உயில் எழுதி இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, செய்துகொண்டால் பின்னால் வழக்கு குறையும். வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது இரண்டு பெயரிலும் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

சட்டம் பேசிக்கொண்டே போய்விட்டோம். உடம்பைப் பற்றி ஒரு சொல். கடைகளில் நின்றே வேலை செய்யும் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் 2021-இல் திருத்தம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் முதலாளியின் மனைவி ஊழியர் கணக்கில் வருவதில்லை. பல கடைகளில் இருக்கும் ஒரே நாற்காலி கல்லாவுக்கு முன்னால், அது கணவருக்கு. எடை போடும் இடத்தில் உயரமான ஸ்டூல் ஒன்று போட இடம் வேண்டும் என்றால் இரண்டு எண்ணெய் டின்னை நகர்த்தினால் போதும். மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை கணவர் தனியாகக் கடையைப் பார்க்கட்டும். அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் மனைவியை "சேமியா விலை என்ன?" என்று கூப்பிடக் கூடாது, சிலேட்டைப் பார்க்க வேண்டும். அதேபோல் நான்கிலிருந்து ஐந்தரை கணவருக்கு. ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு மேல் ஷட்டர் இறங்கட்டும். வாடிக்கையாளர் இரண்டு வாரம் முணுமுணுப்பார்கள், மூன்றாம் வாரம் சனிக்கிழமையே வாங்கிவைத்துக்கொள்வார்கள்.

மே 5 வணிகர் தின மாநாடுகளில் ஆண்டுதோறும் தீர்மானங்கள் நிறைவேற்றும் வணிகர் சங்கங்களிடம் எங்களுக்கு ஒரு கோரிக்கை உண்டு. உறுப்பினர் அட்டையில் கடையை நடத்தும் இருவர் பெயரையும் அச்சிடுங்கள், கூட்டத்துக்கு இருவரையும் அழையுங்கள், மாதிரிக் கூட்டாண்மைப் பத்திரம் ஒன்றைத் தமிழில் அச்சடித்து எல்லாக் கடைக்கும் கொடுங்கள். கம்பெனிகளின் விநியோகஸ்தர்கள் ஆர்டர் செயலியில் கடைக்கு இரண்டு கைபேசி எண்களைப் பதிந்துகொள்ளட்டும். மதியம் இரண்டு மணிக்கு வரும் சேல்ஸ்மேன் இனி "அக்கா, என்ன சரக்கு போடட்டும்?" என்று கேட்கட்டும்.

இப்படிக்கு,
மளிகைக் கடை நடத்தும் தம்பதியர்,
மதுரை மாவட்டம்.